அணு மோதுகையில் நியூற்றனுக்கு இடமுண்டா?

ஏற்றப் பரிமாற்றக் கணிப்புமுறை பற்றிய ஒரு விவாதம்

பௌதிகவியல் வகுப்பறைகளில் ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. 1925ஆம், 1926ஆம் ஆண்டுகளில் ஐசன்பேக்கும் சுரோடிங்கரும் சொட்டுப் பொறிமுறையை வகுத்தனர். அன்றுதொட்டு அணுவின் வாயிலில் நியூற்றனின் பொறிமுறை தடுத்து நிறுத்தப்பட்டது. கோள்களுக்கும் கிரிக்கெற் பந்துக்கும் அது போதும், இலத்திரனுக்கு அது ஆகாது என்பதே அக்கதையின் சாரம். கதை முற்றிலும் பொய்யன்று. ஆயினும் முழு உண்மையாகவே அதனைக் கொண்டு, அணுவுலகில் நியூற்றனின் விதிகளைக் கையாளும் எந்தக் கணிப்பையும் ஆராயாமலே புறந்தள்ளும் மனப்பான்மை கற்றோரிடையே வேரூன்றியுள்ளது. அம்மனப்பான்மை விஞ்ஞானத்துக்கு உகந்ததன்று.

இதனை நிறுவுவதற்கு வேண்டிய சான்று, பாடநூல்கள் அதிகம் பேசாத ஒரு துறையிலே கிடக்கின்றது. அணுக்களும் அயன்களும் மோதும்போது நிகழும் ஏற்றப் பரிமாற்றமே அத்துறையாகும். இலத்திரனுக்கு ஒழுக்கு இல்லை என்று புதிய பௌதிகம் கூறிய பின்னரும், அதற்கு ஒழுக்கு ஒன்றைக் கற்பித்து, நியூற்றனின் சமன்பாடுகளாற் கணித்து, ஆய்வுகூட அளவீட்டோடு பொருந்தும் விடைகளைப் பெறும் முறையொன்று இத்துறையில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றது. அதனைப் பழைய பௌதிகத்தின் எச்சம் என்று இகழ்வோர் ஒருபுறம்; கணனி தந்த எண் என்பதனாலேயே அதனை வேதவாக்காகக் கொள்வோர் மறுபுறம். இருசாராரும் ஒரே தவற்றினையே இருவேறு திசையில் நின்று செய்கின்றனர் என்பது பின்வருவனவற்றால் விளங்கும்.

பிரச்சினை யாது?

புரோத்தன் ஒன்று ஐதரசன் அணுவை நோக்கி வருகின்றது. மோதுகையின் முடிவில் மூன்றிலொன்று நிகழலாம். இலத்திரன் தன் பழைய கருவுடனேயே, அதே நிலையிலோ அருட்டப்பட்ட நிலையிலோ, இருந்துவிடலாம். இரு கருக்களையும் விட்டு விலகி அணு அயனாக்கப்படலாம். அல்லது வந்த புரோத்தனுடன் சேர்ந்து சென்றுவிடலாம். மூன்றாவதே ஏற்றப் பரிமாற்றம். ஏற்றத்தோடு வந்த துணிக்கை நடுநிலையாகிச் செல்ல, நடுநிலையாயிருந்தது ஏற்றம் பெற்று நிற்கின்றது.

கூறுவதற்கு எளிதாகத் தோன்றும் இந்நிகழ்ச்சி கணிப்பதற்கு மிகக் கடினமானது. இரு கருக்களும் ஓர் இலத்திரனுமாக மூன்று பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்தும் தள்ளியும் இயங்குகின்றன. மூன்று பொருட் பிரச்சினைக்குப் பொதுவான முடிந்த தீர்வு நியூற்றனின் பொறிமுறையிலும் இல்லை, சொட்டுப் பொறிமுறையிலும் இல்லை. மோதும் துணிக்கை இலத்திரனிலும் மிக வேகமாகச் செல்லுமாயின் அதன் தாக்கத்தைச் சிறு குழப்பமாகக் கொண்டு அண்ணளவு செய்யலாம். மிக மெதுவாகச் செல்லுமாயின் இரு கருக்களையும் ஒரு மூலக்கூறாகவே கொண்டு சில நிலைகளைமட்டும் கணக்கில் எடுக்கலாம். ஆனால் இரண்டு வேகங்களும் ஒப்பானவையாக இருக்கும்போது சிறியதென்று ஒதுக்குவதற்கு எதுவுமில்லை. தாழ்நிலை ஐதரசன் இலத்திரனின் சிறப்பியல்பு வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2,190 கிலோமீற்றர். அதே வேகத்திற் செல்லும் புரோத்தனின் சக்தி ஏறத்தாழ 25 கிலோ இலத்திரன் வோல்ற்று. இவ்வெல்லையை அண்டிய இடைநிலைச் சக்திகளிலேதான் பரிமாற்றமும் அயனாக்கமும் சம வலிமையோடு ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. கோட்பாட்டாளர்க்கு மிகவும் இக்கட்டான பிரதேசம் இதுவேயாகும்.

முறை யாது?

1966ஆம் ஆண்டில் அப்ரைன்ஸ், பேர்சிவல் என்னும் இரு ஆய்வாளர் இவ்விக்கட்டை நேராக எதிர்கொண்டனர். ஐதரசன் அணுவில் இலத்திரன் கெப்ளரின் நீள்வளைய ஒழுக்கில் இயங்குவதாக அவர்கள் கொண்டனர். ஆனால் எந்த ஒழுக்கு? இங்கேதான் முறையின் உயிர்நிலை உள்ளது. ஒரு குறித்த ஒழுக்கினை அவர்கள் தெரிந்தெடுக்கவில்லை. பிணைப்புச் சக்தியை 13.6 இலத்திரன் வோல்ற்றாக நிலைநிறுத்தி, அச்சக்தியையுடைய ஒழுக்குகள் அனைத்திலிருந்தும் எழுமாற்றாகத் தெரிந்தனர். ஒழுக்கின் திசையமைவு எழுமாற்றானது. மையவகற்சியின் வர்க்கம் பூச்சியத்துக்கும் ஒன்றுக்குமிடையே சீராகப் பரம்பியது. ஒழுக்கில் இலத்திரன் நிற்குமிடம் அது அவ்விடத்திற் கழிக்கும் நேரத்துக்கு ஏற்பத் தெரியப்பட்டது. வரும் புரோத்தன் கருவைவிட்டு எவ்வளவு விலகிச் செல்லும் என்பதும் அவ்வாறே எழுமாற்றாகத் தீர்மானிக்கப்பட்டது.

இவ்வாறு தொடக்கநிலை குறிக்கப்பட்டபின் எஞ்சுவது கணிப்பு மட்டுமே. திணிவு மையத்தின் இயக்கத்தை நீக்கிவிட்டால் மூன்று பொருள்களின் இயக்கம் 12 முதல்வரிசை வகையீட்டுச் சமன்பாடுகளில் அடங்கிவிடும். அவற்றைக் கணனி படிப்படியாகத் தீர்க்கின்றது. துணிக்கைகள் தொலைவிற் பிரிந்தபின் இலத்திரன் யாருடன் இருக்கின்றது என்று பார்த்து ஒரு கணக்கு எழுதப்படுகின்றது. பின்னர் புதிய தொடக்கம், புதிய பாதை. ஆயிரக்கணக்கான பாதைகளில் எத்தனை பரிமாற்றத்தில் முடிந்தன என்ற விகிதத்தை, குறிவைத்த வட்டத்தின் பரப்பளவாற் பெருக்கினால் மோதுகைக் குறுக்குவெட்டுக் கிடைக்கும். அரிதாக நிகழும் பரிமாற்றம் 100 தடவை பதிவாகியிருந்தால் வழு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. 10,000 தடவை பதிவாகியிருந்தால் நூற்றுக்கு ஒன்று. சூதாட்டத்துக்குப் பேர்பெற்ற மொன்ரே கார்லோ நகரின் பெயரால் எழுமாற்றுக் கணிப்புமுறைகள் வழங்கப்படுவதால், இதுவும் பழைய பாதைகளின் மொன்ரே கார்லோ முறை எனப் பெயர்பெற்றது. 1977இல் ஒல்சன், சலொப் ஆகிய இருவரும் பல்வேறு ஏற்றமுடைய அயன்கள் ஐதரசனோடு மோதும் நிகழ்ச்சிகளுக்கு இதனை விரித்தபின் இம்முறை உலகெங்கும் பரவலாயிற்று.

முதலாவது குற்றச்சாட்டு: ஒழுக்கே பொய்

இலத்திரனுக்கு ஒரே கணத்தில் திட்டமான இடமும் திட்டமான உந்தமும் இருக்கமுடியாது; ஆகவே ஒழுக்கு என்பது பொய்; பொய்யிலிருந்து தொடங்கும் கணிப்பின் விடையும் பொய்யே என்பது எதிர்ப்பாளர் வாதம். கேட்பதற்கு அசைக்கமுடியாததுபோலத் தோன்றும் இவ்வாதம் முறையைச் சரிவர அறியாததனால் எழுந்தது.

இம்முறை எந்தத் தனி ஒழுக்குக்கும் உண்மைத்தன்மை கோரவில்லை. அதன் கூற்று ஒழுக்குகளின் கூட்டத்தைப் பற்றியது. அக்கூட்டத்தில் இலத்திரனின் உந்தம் எவ்வாறு பரம்பியுள்ளது என்று கணித்தால், தாழ்நிலை ஐதரசனுக்குச் சொட்டுப் பொறிமுறை தரும் உந்தப் பரம்பல் எதுவோ அதுவே கிடைக்கின்றது. இது அண்ணளவான ஒற்றுமையன்று. சமன்பாட்டுக்குச் சமன்பாடு சரியான ஒற்றுமை. உயர்ந்த நிலைகளிலும், ஒரே முதன்மைச் சொட்டெண்ணுக்குரிய உபநிலைகள் அனைத்தையும் சேர்த்து நோக்குமிடத்து, இவ்வொற்றுமை நிலைபெறுவதை வொக் 1935இல் வெளியிட்ட ஆய்விலிருந்து அறியலாம். பரிமாற்றம் என்பது ஓடும் வண்டியில் ஏறுவது போன்றது. ஏறுபவனின் வேகம் வண்டியின் வேகத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். இடைநிலைச் சக்திகளில் விடையைப் பெரிதும் தீர்மானிப்பது உந்தப் பரம்பலே என்பதை உணர்ந்தால், ஒழுக்கு பொய்யாயிருந்தும் விடை ஏன் பொய்யாகவில்லை என்பது விளங்கும்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. 1911இல் இரதபோட் அல்பாத் துணிக்கைகளின் சிதறலுக்கு ஒரு சூத்திரம் தந்தார். அதனை அவர் நியூற்றனின் பொறிமுறையிலிருந்தே பெற்றார். பதினைந்து ஆண்டுகள் கழித்துச் சொட்டுப் பொறிமுறை பிறந்து, அதே சிதறலை அலைகளைக்கொண்டு கணித்தபோது அதே சூத்திரமே திரும்பவும் வந்தது. தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமமான மின்விசைக்கு உரிய தனித்தன்மை அது. ஏற்றப் பரிமாற்றத்தில் இயங்கும் விசைகள் யாவும் அதே மின்விசைகளே. அணுக்கருவைக் கண்டுபிடித்த சூத்திரத்தை வகுப்பறையிற் போற்றிவிட்டு, அதே பொறிமுறை மோதுகைக் கணிப்பிற் புகும்போது மட்டும் முகஞ்சுளிப்பது எந்த நியாயத்தின்பாற்படும்?

இரண்டாவது குற்றச்சாட்டு: பொருத்தம் தற்செயலானது

அளவீட்டோடு விடை பொருந்துகின்றது என்பதை எதிர்ப்பாளர்களாலும் மறுக்கமுடிவதில்லை. அப்ரைன்ஸ், பேர்சிவல் ஆகியோரின் கணிப்பு வெளிவந்த அதே 1966இல், 2 முதல் 117 கிலோ இலத்திரன் வோல்ற்று வரையான புரோத்தன்கள் ஐதரசனிடம் இலத்திரனைக் கவரும் அளவீடுகளை மக்ளூர் வெளியிட்டார். இடைநிலைச் சக்திகளில் இரண்டும் நெருங்கி நிற்பதைக் கண்டவர்கள், "இது தற்செயலே" என்று கூறி ஒதுங்கினர். இதற்கு விடை அத்துறையின் வரலாற்றிலேயே உள்ளது.

1927இல் தோமஸ் என்பவர், விரைந்து செல்லும் புரோத்தன் இலத்திரனை எவ்வாறு கவரமுடியும் என்று நியூற்றனின் வழியிற் சிந்தித்தார். புரோத்தன் முதலில் இலத்திரனை மோதி, தன் திசைக்கு 60 பாகை சாய்வாகத் தன் வேகத்திலேயே செலுத்துகின்றது. அவ்விலத்திரன் பின்னர் தன் கருவினாற் சிதறுண்டு மீண்டும் 60 பாகை திரும்பிப் புரோத்தனுக்குச் சமாந்தரமாக, அதே வேகத்திற் செல்கின்றது. இருவரும் உடன்செல்லப் பிணைப்பு எளிதாகின்றது. இவ்விரட்டை மோதுகையினால் விளையும் குறுக்குவெட்டு வேகத்தின் 11ஆம் அடுக்குக்கு நேர்மாறு விகிதசமமாகக் குறையும் என்பது தோமஸின் முடிவு.

அடுத்த ஆண்டு ஒப்பன்ஹைமரும், 1930இல் பிரிங்மன், கிராமர்ஸ் ஆகியோரும் புதிய பொறிமுறையின் முதல்வரிசை அண்ணளவைக் கையாண்டு 12ஆம் அடுக்கு என்று பெற்றனர். புதியது பழையதை வென்றுவிட்டதாகவே அன்று தோன்றியிருக்கும். ஆனால் 1955இல் டிரிஸ்கோ அதே சொட்டுப் பொறிமுறையின் இரண்டாம்வரிசை உறுப்பை ஆராய்ந்தபோது, மிகவுயர்ந்த வேகங்களில் மேலோங்குவது 11ஆம் அடுக்கே என்பது வெளியாயிற்று. முதல்வரிசை அண்ணளவு தோமஸின் இரட்டை மோதுகையை அறியவே மாட்டாது. இரண்டாம்வரிசையிலேதான் அது நுழைகின்றது. தோமஸின் வழி உண்மையாயின் புரோத்தன் தன் பாதையிலிருந்து 0.47 மில்லி ஆரையன் கோணம் விலகுதல் வேண்டும். 1983இல் ஹோஸ்டல்-பெடர்சன், கொக், ஸ்ரொக்லி ஆகியோர் புரோத்தன்களை ஈலியத்தோடு மோதவிட்டு நடாத்திய பரிசோதனையில் அக்கோணத்திலேயே தனியான உச்சம் ஒன்று தென்பட்டது.

இவ்வரலாறு புகட்டும் பாடம் நியூற்றன் வென்றார், சுரோடிங்கர் தோற்றார் என்பதன்று. இறுதியில் 11ஆம் அடுக்கை உறுதிப்படுத்தியதும் சொட்டுப் பொறிமுறையே. ஆனால் சொட்டுப் பொறிமுறை வேறு, அதன்மீது செய்யப்படும் அண்ணளவு வேறு. முதல்வரிசை அண்ணளவு தன் பெயரிற் புதிய பௌதிகத்தின் முத்திரையைத் தாங்கியிருந்தும் பரிமாற்றத்தின் பொறிமுறையையே தவறவிட்டது. இடைநிலைச் சக்திகளில் அளவீட்டைப் பன்மடங்கு மிகைப்படுத்தியும் கூறியது. பழைய பொறிமுறையோ மூன்று பொருள்களின் இயக்கத்தை எதனையும் வெட்டாமல் முழுமையாகத் தீர்க்கின்றது. சரியான சமன்பாட்டின் அரைகுறைத் தீர்வு மேலானதா, குறைபட்ட சமன்பாட்டின் முழுமையான தீர்வு மேலானதா என்ற வினாவிற்குப் பரிசோதனை ஒன்றே விடைதரும். குலம் கேட்டு விடைசொல்லமுடியாது.

சொட்டுக் கொள்கையின் முன்னோடியான நீல்ஸ் போர் இதனை நன்கு அறிந்திருந்தார். துணிக்கைகள் சடப்பொருளை ஊடுருவுவது பற்றி அவர் 1948இல் எழுதிய ஆய்வில், எந்த ஏற்றத்துக்கும் வேகத்துக்கும் பழைய பொறிமுறை செல்லுபடியாகும் என்பதற்கு அளவுகோல் ஒன்றை வகுத்தார். மோதும் ஏற்றம் பெரிதாகவும் வேகம் குறைவாகவும் இருக்குமிடத்துப் பாதை பற்றிய பேச்சு பொருளுடையது என்பது அதன் கருத்து. 1954இல் லின்ட்ஹாட் என்பவருடன் சேர்ந்து, கன அயன்கள் இலத்திரனைக் கவர்வதற்கு முற்றிலும் பழைய விசைகளின் சமநிலையைக்கொண்டே அவர் விளக்கம் தந்தார். குருவே கைவிடாத கருவியைச் சீடர்கள் தீண்டத்தகாததாகக் கருதுவது விந்தையே.

இது யாருக்கு வேண்டும்?

இது கோட்பாட்டாளர் தம்முட் பேசித்தீர்க்கும் வழக்கன்று. கருப்பிணைவு உலைகளிற் பல கோடி பாகை வெப்பநிலையுள்ள பிளாஸ்மாவின் உள்ளே எந்த வெப்பமானியையும் நுழைக்கமுடியாது. ஆகவே விரைந்து செல்லும் நடுநிலை ஐதரசன் கற்றையொன்று உள்ளே செலுத்தப்படுகின்றது. பிளாஸ்மாவிலுள்ள, ஆறு இலத்திரன்களையும் இழந்த காபன் கரு, ஐதரசனிடமிருந்து ஓர் இலத்திரனைக் கவர்ந்து அருட்டப்பட்ட நிலையை அடைகின்றது. முதன்மைச் சொட்டெண் 8இலிருந்து 7இற்கு இறங்கும்போது 529.1 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளி வெளிவருகின்றது. அக்கோட்டின் அகலம் அயன்களின் வெப்பநிலையைக் காட்டும். இடப்பெயர்ச்சி பிளாஸ்மா சுழலும் வேகத்தைக் காட்டும். செறிவு காபனின் அளவைக் காட்டும். ஆனால் செறிவிலிருந்து அளவைப் பெறுவதற்கு, 8ஆம் நிலைக்கு இலத்திரன் கவரப்படும் குறுக்குவெட்டுத் தெரிந்திருத்தல் வேண்டும். குறுக்குவெட்டு இருமடங்கு பிழையாயின் காபனின் அளவும் இருமடங்கு பிழையாகும். தெற்குப் பிரான்சில் அமைக்கப்பட்டுவரும் பன்னாட்டு உலையாகிய ஈற்றர் வரை இவ்வெண்களின் தேவை நீண்டு செல்கின்றது.

வானிலும் இதுவே. 1996 மார்ச்சில் ஹயகுடாகே வால்வெள்ளி பூமிக்கு அண்மையில் வந்தபோது ரோசற் செய்மதி அதிலிருந்து எக்ஸ் கதிர்கள் வருவதைக் கண்டது. பனிக்கட்டியும் தூசியுமான குளிர்ந்த பொருளிலிருந்து எக்ஸ் கதிர் எவ்வாறு வரும் என்று வியந்தோர்க்கு 1997இல் கிறேவன்ஸ் விடைகூறினார். சூரியக் காற்றிலுள்ள உயர் ஏற்ற ஒட்சிசன், காபன் அயன்கள் வால்வெள்ளியின் வாயுவிடமிருந்து இலத்திரனைக் கவர்ந்து, அருட்டப்பட்ட நிலையிலிருந்து இறங்கும்போது அக்கதிர்களை வீசுகின்றன. எந்த நிலைக்கு எத்தனை இலத்திரன்கள் செல்கின்றன என்பது தெரியாமல் அந்நிறமாலையை வாசிக்கமுடியாது.

மறுபுறத்தாரின் தவறு

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, பழைய பாதை முறையின் ஆதரவாளர் மகிழ்ந்துவிடலாகாது. அம்முறையை எல்லை கடந்து கையாள்வோர் அதனை இகழ்வோரிலும் அதிகமான தீங்கையே அதற்கு இழைக்கின்றனர்.

முதலாவதாக, உந்தப் பரம்பல் சரியாயினும் இடப் பரம்பல் சரியன்று. தாழ்நிலை ஐதரசனில், நியூற்றனின் இலத்திரன் கருவிலிருந்து போரின் ஆரையின் இருமடங்குக்கு அப்பாற் செல்லவே முடியாது, சக்தி இடங்கொடாது. சொட்டுப் பொறிமுறையின்படி அவ்வெல்லைக்கு அப்பால் இலத்திரன் இருப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.24. ஏறக்குறைய நாலிலொரு பங்கு வாழ்வை இலத்திரன் கழிக்கும் பிரதேசம் இம்முறைக்குத் தெரியவே தெரியாது. 1983இல் ஹாடி, ஒல்சன் ஆகியோர் பல்வேறு பிணைப்புச் சக்தியுள்ள கூட்டங்களைக் கலந்து இடப் பரம்பலைத் திருத்தினர். ஆனால் அவ்வாறு திருத்தியபோது, ஒவ்வோர் அணுவுக்கும் ஒரே பிணைப்புச் சக்தி என்ற மெய்ம்மை கைநழுவிற்று. ஓரிடத்து ஓட்டையை அடைக்க வேறிடத்துக் கூரையைப் பிரிப்பது போன்றது இது.

இரண்டாவதாக, மெதுவான மோதுகைகளில் இம்முறை தோல்வியடைகின்றது. புரோத்தனும் ஐதரசனும் மெதுவாக அணுகும்போது இரு கருக்களுக்கும் நடுவே அழுத்தத் தடையொன்று நிற்கின்றது. இரு கருக்களும் போரின் ஆரையின் ஆறு மடங்குக்குள் வந்தாலொழிய, நியூற்றனின் இலத்திரன் அத்தடையைத் தாண்டாது என்று எளிய கணக்கொன்றே காட்டும். சொட்டுப் பொறிமுறையின் இலத்திரனோ தடையைச் சுரங்கவழி ஊடுருவி, அதற்கு அப்பாலிருந்தும் மறுகருவைச் சென்றடையும். ஆகவே சக்தி குறையக் குறைய உண்மைக் குறுக்குவெட்டு வளர்ந்துகொண்டே செல்ல, பழைய கணிப்பு பின்தங்கிவிடுகின்றது. சூரியக் காற்றின் வேகம் வினாடிக்கு 400 கிலோமீற்றர் அளவினது. ஒவ்வொரு திணிவலகுக்கும் அது ஒரு கிலோ இலத்திரன் வோல்ற்றுக்கும் குறைவான சக்தி. வால்வெள்ளிக் கணிப்புகளில் இம்முறையை எச்சரிக்கையின்றிக் கையாள்வோர் இதனை மறந்துவிடலாகாது.

மூன்றாவதாக, மிகவுயர்ந்த சக்திகளில் அயனாக்கத்தைப் பொறுத்தவரை இம்முறை குறைத்தே கூறும். தொலைவிற் செல்லும் அயனின் மெல்லிய மின்துடிப்பும் சிலவேளை அணுவை அயனாக்கும் என்பது சொட்டுப் பொறிமுறையின் முடிவு. அதனால் மடக்கை உறுப்பொன்று சூத்திரத்திற் சேருகின்றது. நியூற்றனின் அணுவிலோ சிறுதுடிப்புச் சிறுசக்தியையே தரும், அயனாக்கம் நிகழாது.

நான்காவதாக, ஒன்றுக்கு மேற்பட்ட இலத்திரன்களுள்ள அணுக்கள். நியூற்றனின் விதிகளுக்கு விடப்பட்ட ஈலியம் அணு உறுதியற்றது. ஓர் இலத்திரன் கருவை நோக்கி ஆழ விழுந்து, வெளிப்பட்ட சக்தியால் மற்றதை வெளியே எறிந்துவிடும். இதனைத் தடுக்க 1980இல் கேர்ஷ்பவும், விலெற்ஸ் ஆகியோர், நிச்சயமின்மைத் தத்துவத்தைப் போலியாக நிறைவேற்றும் செயற்கை அழுத்தம் ஒன்றைச் சேர்த்தனர். கூரிய சிந்தனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் மாறிலிகளை ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஏற்பத் திருகிவிட்டு, பின்னர் பரிசோதனையோடு பொருந்துகின்றது என்று பெருமைகொள்வது கணிப்பாகாது. விடையைப் பார்த்து எழுதிய வினாத்தாளுக்குப் புள்ளி வழங்குவது எந்தப் பல்கலைக்கழக மரபு?

கணனி போதும் என்னும் வாதம்

இறுதியாக ஒரு வாதம் எஞ்சுகின்றது. இன்றைய கணனிகள் சொட்டுப் பொறிமுறையின் சமன்பாட்டையே நேரடியாகத் தீர்க்கவல்லன; ஆதலாற் பழைய முறைக்கு இனி வேலையில்லை என்பர். புரோத்தனும் ஐதரசனும் போன்ற ஓரிலத்திரன் தொகுதிகளுக்கு இது பெரும்பாலும் உண்மை. ஆயினும் பிளாஸ்மாவை எதிர்கொள்ளும் சுவர்களில் இன்று தங்குதன் உலோகம் இடம்பெற்றுவிட்டது. வெப்பம் மிக்க பிளாஸ்மாவில் தங்குதன் அணு பத்துக்கணக்கான இலத்திரன்களை இழக்கின்றது. 60 ஏற்றமுடைய அயன் ஒன்று ஐதரசனிடமிருந்து கவரும் இலத்திரன், முதன்மைச் சொட்டெண் 20ஐ அண்டிய நிலைகளையே பெரும்பாலும் சென்றடையும். முதன்மைச் சொட்டெண் 25 வரையான நிலைகளை, இலத்திரனின் சுழற்சியைக் கருதாமலே, எண்ணினால் 5,525 வரும். இவை அனைத்தையும் ஒன்றோடொன்று பின்னிய சமன்பாடுகளாக எழுதித் தீர்ப்பது எத்தகைய பாரம் என்பது சொல்லாமலே விளங்கும். அதே மோதுகைக்குப் பழைய முறைக்கு வேண்டியவை 12 சமன்பாடுகளே. அயன் எதுவாயினும் அத்தொகை மாறாது.

எளிமை மட்டுமன்று, ஏற்றம் கூடக்கூட அதன் நம்பகத்தன்மையும் கூடுகின்றது. பெரிய சொட்டெண்களில் இரு பொறிமுறைகளும் ஒன்றையொன்று அணுகும் என்பது போரின் ஒப்புமைத் தத்துவம். பழைய கணிப்பு தரும் தொடர்ச்சியான சக்தியைத் தனித்தனிச் சொட்டெண்களாகப் பிரிப்பதற்குப் பெக்கர், மக்கெலர் ஆகியோர் 1984இல் வகுத்த விதியும் அந்நிலையிலே தயக்கமின்றிப் பயன்படுகின்றது. சொட்டுக் கணிப்பு மிகவும் சிரமப்படும் இடமும் பழைய கணிப்பு மிகவும் நேர்மையாக நடந்துகொள்ளும் இடமும் ஒன்றாயிருப்பது எதிர்ப்பாளருக்கு உவப்பாக இராது. ஆயினும் உண்மை அதுவே.

வேண்டற்பாலது

இவற்றால் ஒன்று தெளிவாகும். ஒரு முறை எந்த ஆண்டிற் பிறந்தது, எந்தக் கோட்பாட்டின் பெயரைத் தாங்கியது என்று கேட்டு அதன் தகுதியை அளப்பது, மனிதரைப் பிறப்பினால் அளப்பதைப் போன்றதே. பிறப்புவழி உயர்வுதாழ்வைச் சமூகத்திற் கண்டிக்கும் கல்விமான்கள் அதனை விஞ்ஞானத்தில் மட்டும் அனுமதிப்பது பொருந்தாது. அதேபோல, எண்ணொன்று கிடைத்துவிட்டது என்பதனால் அதன் தகுதி நிலைநாட்டப்பட்டுவிடாது. எந்தப் பழைய பாதைக் கணிப்பும் மூன்று வினாக்களுக்கு வெளிப்படையாக விடைகூறக் கடமைப்பட்டுள்ளது. மோதும் வேகம் இலத்திரனின் வேகத்தோடு எவ்வாறு ஒப்பிடப்படுகின்றது? தொடக்கக் கூட்டம் உந்தத்தைச் சரியாகக் காட்டுகின்றதா, இடத்தைக் காட்டுகின்றதா, எதனைப் பலியிட்டது? விடையைப் பாராமல் முன்கூட்டியே நிலைநிறுத்தப்பட்ட மாறிலிகள் எவை? இம்மூன்றுக்கும் விடையில்லாத கணிப்பு, அளவீட்டோடு எவ்வளவு பொருந்தினும் ஏற்கத்தக்கதன்று. இதே கடுமை சொட்டுப் பொறிமுறையின் அண்ணளவுகளுக்கும் பொருந்தும். எத்தனை நிலைகள் சேர்க்கப்பட்டன, எவை வெட்டப்பட்டன, வெட்டியதனால் விடை எவ்வளவு மாறும் என்று கேளாமல் அவற்றையும் ஏற்றுக்கொள்ளலாகாது.

பல்கலைக்கழக மாணவனுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. பெருங் கணனிகளும் மோதுகை ஆய்வுகூடங்களும் இல்லாத இடத்திலும், கெப்ளரின் ஒழுக்கையும் எழுமாற்று எண்களையும் வகையீட்டுச் சமன்பாடுகளின் எண்முறைத் தீர்வையும் கற்ற மாணவன் ஒருவன், மேசைக் கணனியொன்றில் இக்கணிப்பைத் தானே எழுதி ஓட்டமுடியும். பெறும் விடையை 1966ஆம் ஆண்டின் அளவீட்டோடு தானே ஒப்பிடமுடியும். 25 கிலோ இலத்திரன் வோல்ற்றுக்கு மேலே தன் விடை பொருந்தி வருவதையும், அதற்குக் கீழே இறங்க இறங்க அது பிசகிச் செல்வதையும் தன் கண்ணாலேயே காண்பான். அப்பிசகிலேதான் சுரங்கவழி ஊடுருவல் என்றால் என்னவென்று அவனுக்கு விளங்கும். பத்து விரிவுரைகள் சொல்லித்தர இயலாத ஒன்றை அது சொல்லித்தரும். நியூற்றன் எங்கே முடிவடைகின்றார் என்பதை மனனஞ்செய்து ஒப்புவிப்பவனிலும், அவ்வெல்லையை நடந்து சென்று தொட்டுப்பார்த்தவனே சொட்டுப் பொறிமுறையின் தேவையை உள்ளவாறு உணர்ந்தவனாவான்.

ஆதலின், இம்முறையைப் பாடத்திட்டத்திலிருந்து விலக்கிவைப்பது புதிய பௌதிகத்துக்குச் செய்யும் மரியாதை என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. அதனை அதன் எல்லைகளோடு சேர்த்துக் கற்பிப்பதே இரு பொறிமுறைகளுக்கும் செய்யும் நீதியாகும்.